டால்மேஷியன் நாய்: புள்ளியைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு

நாய் வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இடத்தில் டால்மேஷியன் பெயரை எடுத்தால் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். சொன்ன பேச்சு கேட்காது, புத்தி மந்தம், பிறவியிலேயே செவிடு, வீட்டை இரண்டாக்கிவிடும், குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு கட்சி. அழகு நாய், வாசலில் நிறுத்தினாலே வீட்டுக்குக் களை வந்துவிடும் என்று இன்னொரு கட்சி. முழுப் பொய் என்று இதில் எதையும் தள்ளிவிட முடியாது, ஆனால் ஒன்றுகூட முழு உண்மை கிடையாது. காரணம் தெரியாமல் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துப் பேசுவதால் வரும் குழப்பம்தான் இது. பேச்சு கேட்கவில்லை என்று திட்டு வாங்கும் நாய்க்கு நிஜமாகவே ஒரு காது கேட்காமல் இருக்கலாம். வீட்டை இரண்டாக்கும் நாய்க்கு அன்று ஓட வேண்டிய தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது.

இந்த இனத்தைப் புரிந்துகொள்ள மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: அது எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது, அதன் தோலில் நிறம் எப்படி உருவாகிறது, அதன் உடல் யூரிக் அமிலத்தை என்ன செய்கிறது. குணம், காது, சிறுநீர்க் கல் என்று பிற்பாடு வரும் எல்லாமே இந்த மூன்றிலிருந்து கிளம்புகிறவைதான்.

வண்டியோடு ஓடிய நாய்

டால்மேஷியா என்பது அட்ரியாடிக் கடலோரம் நீளமாகக் கிடக்கும் நிலப்பகுதி, இன்று பெரும்பாலும் குரோஷியாவுக்குள் வருகிறது. நாய்க்குப் பெயர் அங்கிருந்து வந்தது. குரோஷியாவின் லோஷின் தீவில் உள்ள ஒரு தேவாலயத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட ஓவியத்தில் இதே சாயலில் ஒரு நாய் இருக்கிறது. 1771இல் தாமஸ் பென்னன்ட் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் தன் விலங்கு நூலில் இதை டால்மேஷியன் என்றே குறிப்பிட்டார், 1790இல் தாமஸ் பியூக் படத்தோடு அச்சிட்டார். நாய் இனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. இதன் பூர்வீகம் குரோஷியா என்றுதான் பதிந்து வைத்திருக்கிறது. எகிப்தியச் சுவர்ச் சித்திரங்களில் இருக்கும் புள்ளி நாய்களையெல்லாம் இதற்கு முப்பாட்டன் ஆக்குகிறவர்களும் உண்டு. புள்ளி இருந்த நாயெல்லாம் டால்மேஷியன் ஆகிவிடாது என்பதால் அந்தக் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பூர்வீகம் எதுவாக இருந்தாலும், நாம் இன்று பார்க்கும் டால்மேஷியனை இப்படி ஆக்கியது இங்கிலாந்தின் குதிரை வண்டிச் சாலைகள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வசதியானவர்களின் சாரட்டு வண்டிகளோடு இந்த நாய்கள் ஓடின. சில குதிரைகளுக்குப் பக்கத்தில், சில பின்னால், சில முன் அச்சுக்கு அடியில் குதிரையின் பின்னங்கால் குளம்புகளை ஒட்டியே. வழியில் தெருநாய்கள் குரைத்துக் குதிரைகளை மிரட்டினால் அவற்றை விரட்டுவதும், இரவு சத்திரத்தில் தங்கும்போது குதிரைகளுக்கும் மூட்டை முடிச்சுகளுக்கும் காவல் இருப்பதும் இவற்றின் வேலை. வண்டிக்கு ஒரு பகட்டு சேர்ப்பதும் அதே அளவு முக்கியமான வேலை என்பதை மறைப்பதற்கில்லை. ஒரே அளவில், ஒரே மாதிரிப் புள்ளியோடு இரண்டு நாய்கள் கூடவே ஓடி வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

இதில் கவனிக்க வேண்டியது தூரம். முயலைத் துரத்தும் வேட்டை நாய் சில நிமிடம் பாய்ந்து ஓடும், பிறகு மூச்சு வாங்கும். வண்டி நாய் மணிக்கணக்கில் ஓட்டமும் நடையுமாக ஒரே சீராகப் போக வேண்டும். அமெரிக்க டால்மேஷியன் கிளப் இன்றும் அந்தப் பழைய வேலையைப் பரீட்சையாக வைக்கிறது. குதிரையில் போகும் ஆளோடு நாய் சுமார் 20 கி.மீ. ஓட வேண்டும், மேல்நிலைப் பட்டத்துக்குச் சுமார் 40 கி.மீ. வீட்டில் வளரும் நாய்கள்தான் இதை ஓடி முடித்துப் பட்டம் வாங்குகின்றன.

அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் இதே திறமை அங்கே பயன்பட்டது. மணி அடித்ததும் நாய் முன்னால் பாய்ந்து குரைத்து வழி விலக்கும், தீ எரியும் இடத்தில் மிரளும் குதிரைகளுக்குப் பக்கத்தில் நிற்கும், நிலையத்தில் லாயத்திலேயே படுத்துக்கொள்ளும். மோட்டார் வண்டி வந்ததும் குதிரைகள் போய்விட்டன, நாய் மட்டும் அடையாளச் சின்னமாகத் தங்கிவிட்டது. தீயை மோப்பம் பிடிப்பதற்காக வளர்த்தார்கள் என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை, குதிரையோடு அது நன்றாகப் பழகும் என்பதுதான் முழுக் காரணமும்.

இப்படிப் பலதும் செய்த நாயை எந்த வகையில் சேர்ப்பது என்பதிலேயே அமைப்புகளுக்குள் ஒற்றுமை கிடையாது. எஃப்.சி.ஐ. இதை மோப்ப வேட்டை நாய்களுக்கும் அவற்றின் உறவினங்களுக்குமான குழுவில் வைத்திருக்கிறது, பிரிட்டன் ‘பயன்பாட்டு நாய்கள்’ என்கிறது, அமெரிக்கா ‘வேட்டை சாராதவை’ என்ற கலவைக் குழுவில் தள்ளிவிட்டது.

அந்த வேலை வீட்டுக்குள் எப்படித் தெரியும்

முதலில் ஓட்டம். வளர்ந்த டால்மேஷியனுக்குத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி வேண்டும் என்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் சொல்கிறது. தெருமுனை வரை போய்ச் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்புவது அந்தக் கணக்கில் சேராது. போதுமான ஓட்டம் கிடைக்காத நாய் ஒரு மணி நேரம் பந்து விளையாடிய பிறகும் செருப்பைக் கவ்விக்கொண்டு, நீங்கள் துரத்துகிறீர்களா என்று திரும்பிப் பார்த்தபடி நிற்கும். திமிர் என்று நினைத்து அதட்டுவோம். அதற்கோ வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. ஒன்று மட்டும்: குட்டிப் பருவத்தில் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது, எலும்பு வளர்ச்சி முடிய ஒன்று ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரை இஷ்டத்துக்கு விளையாட விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தப் பிடிவாதம். ஆடு மேய்க்கும் நாய் மேய்ப்பவரின் கையையும் விசிலையும் நொடிக்கு நொடி பார்த்து வேலை செய்யும், அதனால் பயிற்சி தருவது சுலபம். வண்டி நாய்க்கு அப்படி யாரும் உத்தரவு போட்டுக்கொண்டு வரவில்லை. வண்டியோட்டி சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், எப்போது விரட்டுவது, எப்போது ஒதுங்குவது என்பதை நாயே முடிவு செய்யும். தலைமுறை தலைமுறையாக இப்படிச் சொந்த புத்தியில் இயங்கிய நாய் ‘உட்கார்’ என்றதும் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்யும். மந்தம் என்று பெயர் வாங்கித் தந்தது இந்த ஒரு கணம்தான். உண்மையில் நல்ல ஞாபகசக்தி உள்ள நாய் இது, கெட்டதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கும். அடித்துப் பழக்கினால் பயந்து ஒதுங்கும், சில சமயம் சீறும். தீனியும் பாராட்டும் கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் என்று பழக்கினால் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

வண்டிக்காரரோடு ஒட்டிக்கொண்டிருந்த நாய் என்பதால் மனிதர் மேல் ஒட்டுதல் அதிகம். நீங்கள் சமையலறைக்குப் போனால் அதுவும் வரும், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். தோட்டத்தில் கட்டிப்போட்டு வளர்க்க இது சரிப்படாது. அந்நியர்களிடம் முதலில் கொஞ்சம் விலகி நின்று எடை போடும், சத்திரத்தில் காவல் இருந்த பழக்கம். சில டால்மேஷியன்கள் சந்தோஷத்தில் மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும், மூக்கு சுருங்கும், உடம்பு முழுக்க ஆடும். பழக்கமில்லாதவர்கள் சீறுகிறது என்று நினைத்துப் பின்வாங்குவார்கள், வீட்டுக்காரர்கள் ‘சிரிக்குது’ என்பார்கள். வாலும் இடுப்பும் தளர்வாக ஆடினால் சிரிப்பு, உடம்பு விறைத்துக் கண் ஒரே இடத்தில் நின்றால் சீற்றம்.

குழந்தைகள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டுத் துணை கிடைப்பது கஷ்டம், ஆனால் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் 25, 30 கிலோ எடையுள்ள நாய் ஒரு சுற்று ஓடி வந்தால் குழந்தை நிச்சயம் விழும். அதில் கோபம் ஒன்றும் இல்லை, வெறும் வேகம். அந்த வயது தாண்டும் வரை காத்திருக்கலாம்.

கெட்ட பெயர் பரவியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. டிஸ்னியின் 1961ஆம் ஆண்டு டால்மேஷியன் கார்ட்டூன் படம் 1985இல் மறுபடி திரைக்கு வந்தது. அமெரிக்கன் கென்னல் கிளப்பில் அந்த ஆண்டு சுமார் 8,000ஆக இருந்த டால்மேஷியன் பதிவு 1993இல் 42,000ஐத் தாண்டியது, பிறகு மளமளவென்று சரிந்தது. கிராக்கி ஏறும்போது குணத்தையும் ஆரோக்கியத்தையும் பார்க்காமல் குட்டி போட வைத்து விற்கிறவர்கள் பெருகுவார்கள், ஓட்டத்துக்கு நேரமில்லாதவர்கள் வாங்குவார்கள், ஒரு வருஷத்தில் நாய் காப்பகத்துக்குப் போகும். ‘டால்மேஷியன் என்றாலே இப்படித்தான்’ என்ற பேச்சில் பாதி இந்தக் காலத்தில் கிளம்பியது.

இதுவரை பார்த்தது: இது நீண்ட தூரம் ஓடுவதற்கும், தன் புத்தியில் முடிவெடுப்பதற்கும், தன் ஆட்களோடு ஒட்டியிருப்பதற்கும் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய். நாம் குறையாகச் சொல்லும் குணங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்கும் வீட்டில் இடம் கிடைக்காததால் வருபவை.

வெள்ளையாகப் பிறந்து புள்ளி போடும் குட்டி

டால்மேஷியன் குட்டிகள் தூய வெள்ளையாகப் பிறக்கும். சுமார் இரண்டு வாரத்தில் புள்ளி லேசாகத் தலைகாட்டும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றொன்றாகக் கூடிக்கொண்டே போகும். கறுப்புப் புள்ளியும், லிவர் என்று சொல்லப்படும் பழுப்புப் புள்ளியும்தான் அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள். கறுப்புப் புள்ளி நாய்க்கு மூக்கும் கறுப்பு, பழுப்புப் புள்ளி நாய்க்கு மூக்கும் பழுப்பு. எலுமிச்சை மஞ்சள் போன்ற அபூர்வ நிறங்களும் பிறக்கும், கண்காட்சியில் அவற்றுக்கு இடமில்லை, வீட்டில் வளர்க்க ஒரு குறையும் இல்லை. ‘அபூர்வம்’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெள்ளை எப்படி வருகிறது என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருவது நிறமிச் செல், மெலனோசைட் என்பார்கள். கருவில் குட்டி உருவாகும்போது இந்தச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிய ஒரு வரப்பில் பிறந்து, அங்கிருந்து உடல் முழுக்கப் பரவுகின்றன. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் மேட்டுப் பாத்திகள் முதலில் நனையும், வரத்து குறைவாக இருந்தால் கடைமடை காய்ந்தே கிடக்கும். பல நாய்களுக்கு நெஞ்சிலும் பாதத்திலும் வால் நுனியிலும் மட்டும் வெள்ளை இருப்பது இதனால்தான், அவையெல்லாம் முதுகிலிருந்து தொலைவில் உள்ள கடைமடைகள்.

டால்மேஷியனில் வெள்ளைக்கான மரபணு இந்த வரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அடைத்துவிடுகிறது. மரபணு என்பது உடலின் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று செல்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு. வரத்து அடைபடுவதால் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. பிறந்த பிறகு வேறொரு மரபணு வேலை செய்து அந்த வெள்ளையின் நடுவே அங்கங்கே நிறத்தை எழுப்புகிறது, நாம் பார்க்கும் புள்ளி அது. ஆக நாயின் அடிப்படை வெள்ளை, புள்ளி பின்னால் வந்து சேர்ந்தது.

சில குட்டிகள் காதிலோ கண்ணைச் சுற்றியோ திட்டாக நிறத்தோடு பிறக்கும். இதைப் பேட்ச் என்பார்கள். வெள்ளை ரோமம் கலக்காத, ஓரம் தெளிவான, வெல்வெட் மாதிரி மினுக்கும் திட்டு. அந்த இடத்துக்கு மட்டும் வரத்து அடைபடவில்லை என்று பொருள்.

இது காதை எப்படித் தொடுகிறது

நிறமிச் செல்கள் தோலோடு நின்றுவிடுவதில்லை, சில கண்ணுக்குப் போகின்றன, சில உட்காதுக்குப் போகின்றன. உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்லியா என்று பெயர். அதற்குள் இருக்கும் நீரில் நனைந்திருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் ஒலி அதிர்வை நரம்புக்கான மின்சாரமாக மாற்றுகின்றன. அந்த நீரில் பொட்டாசியம் சரியான அளவில் இருந்தால்தான் அவை உயிரோடிருக்கும். அளவைக் காப்பாற்றுவது காக்லியாவின் சுவரில் உள்ள ரத்தநாளப் பட்டை, அந்தப் பட்டை இயங்க அதற்குள் நிறமிச் செல்கள் வேண்டும். நிறத்துக்கும் கேட்புக்கும் நேரடி சம்பந்தம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் இருக்கிறது. உட்காதும் ஒரு கடைமடை. அங்கே நிறமிச் செல்கள் போய்ச் சேரவில்லையென்றால் குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தப் பட்டை சுருங்கி, மயிர்ச் செல்கள் அழிந்து, அந்தக் காது நிரந்தரமாகச் செவிடாகிவிடும். மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை.

இரண்டு காதுக்கும் வரத்து தனித்தனி. அதனால் ஒரு காது மட்டும் கேட்காத நாய்களே அதிகம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷியன்களைச் சோதித்ததில் சுமார் 30 சதவீதத்துக்குக் கேட்புக் குறை இருந்தது, மொத்தத்தில் சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது, 8 சதவீதத்துக்கு இரண்டு காதும். பிரிட்டனில் மொத்தமே சுமார் 18 சதவீதம். ‘பாதிக்கு மேல் செவிடு’ என்பது மிகை, அதே சமயம் ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணிக்கையும் இல்லை.

கண்ணிலும் இதே கதைதான். கருவிழிப் படலத்துக்கு நிறமி போய்ச் சேராவிட்டால் கண் நீலமாகத் தெரியும், நீலக்கண் நாய்களில் செவிட்டுத்தன்மை கூடுதல். எதிர்ப்பக்கம், பேட்சோடு பிறந்த நாய்களில் அது குறைவு, வரத்து ஓரளவு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் திட்டே சாட்சி. இங்கேதான் எனக்குக் கோபம் வரும் ஓர் இடம் இருக்கிறது. கண்காட்சி விதிகள் பேட்ச் உள்ள நாயைத் தகுதி நீக்கம் செய்கின்றன. அமெரிக்க விதிகள் நீலக்கண்ணை அனுமதிக்கின்றன, ஐரோப்பாவில் அது குறை. நன்றாகக் கேட்க வாய்ப்புள்ள நாயை அழகு போதாது என்று இனவிருத்தியிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டு, பிறகு செவிட்டுத்தன்மைக்கு வருத்தப்படுவதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

காது கேட்கிறதா என்று கண்டுபிடிக்க முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பார்கள். அதை நம்பவே கூடாது. காற்றின் அசைவையோ தரை அதிர்வையோ உணர்ந்து குட்டி திரும்பும், கூடப் பிறந்தது திரும்பியதைப் பார்த்தும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் ஒருபோதும் பிடிபடாது. நம்பகமானது பேயர் சோதனை. குட்டியின் ஒரு காதில் மட்டும் ‘டிக் டிக்’ ஒலியைச் செலுத்தி, மூளைத்தண்டில் அதற்குப் பதிலாக எழும் மின்னலைகளைத் தலைத் தோலுக்கடியில் செருகிய மெல்லிய ஊசி மின்முனைகளால் பதிவு செய்வார்கள், பிறகு மற்றக் காது. கேட்கும் காதுக்குத் திரையில் மேடும் பள்ளமுமாக அலை வரும், கேட்காத காதுக்குக் கோடு தட்டையாகக் கிடக்கும். குட்டிக்கு ஐந்து வாரம் ஆன பிறகு எப்போதும் செய்யலாம், வாழ்நாளில் ஒரு தடவை போதும்.

இந்தக் குறை ஒற்றை மரபணுவால் வருவதில்லை, பலவும் சேர்ந்தது. அதனால் நன்றாகக் கேட்கும் தாய்க்கும் தகப்பனுக்கும்கூடச் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். ஆனால் இரண்டு காதும் கேட்கும் நாய்களை மட்டும் இனவிருத்திக்குப் பயன்படுத்தினால் விகிதம் இறங்குகிறது.

சுருக்கமாக: வெள்ளைத் தோலும் செவிட்டுக் காதும் நிறமிச் செல் போய்ச் சேராததன் இரண்டு விளைவுகள். புள்ளி குறைவா அதிகமா என்று பார்த்துக் காதைக் கணிக்க முடியாது, பேயர் அறிக்கை ஒன்றே வழி.

கேட்காத நாயோடு வாழ்வது

ஒரு காது கேட்கும் நாய் எல்லா வகையிலும் சாதாரண வளர்ப்பு நாய்தான். கூப்பிட்டால் சத்தம் வந்த திசை புரியாமல் முதலில் தவறான பக்கம் திரும்பும், அப்புறம் கண்ணால் தேடி ஓடி வரும். அவ்வளவுதான் வித்தியாசம், இனவிருத்திக்கு மட்டும் வேண்டாம். இரண்டும் கேட்காத நாய்க்குக் கைச்சைகையால் பயிற்சி தர வேண்டும், தூங்கும்போது திடீரென்று தொட்டு எழுப்பக் கூடாது, வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பொறுமையும் நேரமும் உள்ளவர்கள் அருமையாக வளர்க்கிறார்கள். முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிறுநீரில் போகும் யூரிக் அமிலம்

செல்கள் தினமும் பழசாகிச் சிதையும்போதும், இறைச்சி போன்ற உணவு செரிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் வெளிவருகிறது. உடல் அதை உடைத்து யூரிக் அமிலம் ஆக்கும். மனிதர்களுக்கு அத்தோடு முடிந்தது, அது கூடிப்போனால் கவுட் என்ற மூட்டு வலி வருகிறது. நாய்களுக்கு இன்னொரு படி உண்டு. கல்லீரல் செல்லுக்குள் யூரிக் அமிலம் போனதும் ஒரு நொதி அதை அலன்டாயின் என்ற, தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருளாக மாற்றும், சிறுநீரில் சிக்கலின்றி வெளியேறிவிடும்.

டால்மேஷியனுக்கு அந்த நொதி இல்லை என்று பல இடங்களில் எழுதியிருக்கும். தவறு. நொதி கல்லீரலில் பத்திரமாக இருக்கிறது. இல்லாதது, யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுபோய் விடும் கடத்திப் புரதம், அதாவது செல் சுவரில் நின்று குறிப்பிட்ட பொருளை மட்டும் உள்ளே அனுப்பும் புரதம். எஸ்.எல்.சி.2ஏ9 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் இந்தப் புரதம் வேலை செய்வதில்லை. 2008இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கலப்பில்லாத டால்மேஷியன் வம்சங்களில் எல்லா நாய்க்கும் இந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே டால்மேஷியனுக்கும் வேறு இன நாய்க்கும் கல்லீரலை மாற்றிப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். வேறு இனக் கல்லீரல் கிடைத்த டால்மேஷியனின் யூரிக் அமிலம் இறங்கிவிட்டது, குறை கல்லீரலில்தான் என்று அப்போதே தெரிந்தது.

சிறுநீரகத்திலும் இதே புரதம்தான் வடிகட்டிய யூரிக் அமிலத்தை மறுபடி ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், அங்கேயும் அது வேலை செய்யாது. விளைவு, மற்ற நாய்கள் ஒரு நாளில் 10 முதல் 60 மி.கி. யூரிக் அமிலத்தை வெளியேற்றும் இடத்தில் டால்மேஷியன் 400 முதல் 600 மி.கி. வெளியேற்றுகிறது. கரையாமல் தங்கியது மணலாகிப் படிகிறது, மணல் திரண்டு கல்லாகிறது. எல்லா டால்மேஷியனுக்கும் கல் வராது, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே இல்லாதவை நிறைய. வந்தால் பெரும்பாலும் ஆண் நாய்க்குத்தான் ஆபத்து, அதன் சிறுநீர்க்குழாய் குறுகலானது, ஆண்குறி எலும்பின் பள்ளத்துக்குள் போகும் இடத்தில் கல் சிக்கிக்கொள்ளும்.

நாய் காலைத் தூக்கி நிற்கிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, இரண்டடி போய் மறுபடி தூக்குகிறது, ஒன்றும் வரவில்லை, முதுகு வளைந்து முக்குகிறது. இதைப் பார்த்தால் காலை வரை பொறுத்திருக்க வேண்டாம். முழு அடைப்பு என்றால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து, அன்றே, அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், யூரிக் அமிலத்தால் வரும் இந்த யூரேட் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும்.

வராமல் தடுக்க மிகப் பெரிய மருந்து தண்ணீர். எப்போதும் புதுத் தண்ணீர், உணவிலும் தண்ணீர் கலந்து கொடுப்பது, அதோடு சிறுநீர் கழிக்க அடிக்கடி வெளியே விடுவது. எட்டு மணி நேரம் அடக்கி வைத்த சிறுநீரில் படிய நிறைய அவகாசம் கிடைக்கும். உணவில் ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி, ஈஸ்ட் ஆகியவற்றில் பியூரின் மிக அதிகம், தவிர்க்கலாம். முட்டையும் பால் பொருள்களும் அந்த வகையில் பாதுகாப்பானவை. புரதத்தையே நிறுத்திவிடுகிறார்கள் சிலர், அது வேறு நோய்க்கு அழைப்பு. ஏற்கெனவே கல் வந்த நாய்க்கு மருத்துவர் தனி உணவும், தேவைப்பட்டால் அல்லோபியூரினால் மாத்திரையும் எழுதுவார். அந்த மாத்திரையை நாமாக ஆரம்பிக்கக் கூடாது, பியூரின் குறைக்காத உணவோடு கொடுத்தால் வேறு வகைக் கல் உருவாகும்.

ஒரு பாயின்டரும் முப்பது வருஷச் சண்டையும்

எல்லா டால்மேஷியனுக்கும் மரபணு பழுது என்றால் இனத்துக்குள்ளேயே தேடி நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு டால்மேஷியனைப் பாயின்டர் என்ற வேட்டை நாயோடு ஒரே ஒரு முறை கலந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் யூரிக் அமிலம் குறைவாக உள்ள குட்டியை எடுத்து மறுபடி டால்மேஷியனோடு சேர்த்தார். சில தலைமுறையில் நாய் பார்வைக்கும் குணத்துக்கும் டால்மேஷியனாகவே ஆகிவிட்டது, பாயின்டரிடமிருந்து வந்த நல்ல மரபணு மட்டும் தங்கியது.

1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த வம்சத்தில் இரண்டு நாய்களைப் பதிந்தது, டால்மேஷியன் கிளப் உறுப்பினர்கள் எதிர்க்கவே பதிவை நிறுத்திவிட்டது. கலப்பு ரத்தம், புள்ளி சிறிதாகிவிட்டது, ஓரம் தெளிவாக இல்லை என்பது வாதம். மரபணுவே கையில் அகப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பிரிட்டன் 2010இல் ஏற்றுக்கொண்டது, அமெரிக்கா 2011இல். இன்று இவற்றை எல்.யு.ஏ. டால்மேஷியன் என்கிறார்கள், யூரிக் அமிலம் குறைந்தவை என்று அர்த்தம். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதும், யூரேட் கல் பயம் மற்ற நாய்கள் அளவுக்கு இறங்கிவிடும். பல தலைமுறைக்கு முன்னால் எங்கோ ஒரு பாயின்டர் இருப்பதற்காக இதை வேண்டாம் என்பவர்களின் கவலை எனக்குப் புரியவே இல்லை. எல்.யு.ஏ. என்பதால் காது பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அது வேறு, இது வேறு.

அன்றாடம்

ரோமம் குட்டையாக இருப்பதால் உதிராது என்று நினைப்பார்கள். வருஷம் முழுக்க உதிரும். குட்டையான, விறைப்பான வெள்ளை ரோமம் துணி இழைக்குள் ஊசி மாதிரிச் செருகிக்கொள்ளும், கறுப்புச் சட்டை போடுகிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டியதுதான். வாரத்தில் சில நாள் ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி குறையும். வெள்ளை ரோமத்துக்கு அடியில் தோல் ரோஜா நிறம், வெயில் சுடும், உச்சிப் பொழுதில் ஓட்ட வேண்டாம். குளிரையும் அதிகம் தாங்காது. ஆயுள் 11 முதல் 13 வருஷம் வரை, வயதான பிறகும் ஓட்ட ஆசை குறைவதில்லை.

குட்டி பார்க்கப் போகும்போது

தாய் நாயைப் பார்க்கக் கேளுங்கள், புதியவர்களிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது குட்டியின் குணத்துக்கு நல்ல தடயம். பயந்து மூலையில் பதுங்கும் தாய், எட்டவே விடாமல் குரைக்கும் தாய் இரண்டுமே சரியில்லை. குட்டிக்கு மட்டுமின்றித் தாய், தகப்பன் இரண்டுக்கும் பேயர் அறிக்கை வேண்டும், இரண்டு காதுக்கும் தனித்தனி அலை வரைந்த தாளாக. எல்.யு.ஏ. என்று சொன்னால் மரபணுச் சோதனைச் சான்றைப் பார்க்க வேண்டும். ஆண் குட்டி எடுப்பதாக இருந்து, எல்.யு.ஏ.வும் இல்லையென்றால், தகப்பனுக்கும் அதன் சகோதரர்களுக்கும் கல் வந்ததுண்டா என்று கேட்டு வையுங்கள்.

ஓடப்போவது யார், எந்த நேரத்தில் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள், ‘எல்லாரும் பார்த்துக்கலாம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். குட்டியின் துறுதுறுப்பு பயமாக இருந்தால் மூன்று நான்கு வயதான நாயைக் காப்பகத்திலிருந்து எடுக்கலாம், அதற்குக் காது எப்படி, குணம் எப்படி என்பதெல்லாம் அதற்குள் வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். விற்பவர் கைதட்டிக் காட்டி, பாருங்கள் திரும்புது, இதுக்குப் போய் டெஸ்ட் எதற்கு என்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறுங்கையோடு கிளம்பிவிடுங்கள்.